ஆட்டிசம் உள்ளவர்களைத் திரையில் பார்த்த அனுபவம்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

ஈரோட்டு அம்மா:

பையனுக்கு இப்போது 17 வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னபோது மூன்றரை. எந்தப் படத்தில் அந்த வார்த்தை வந்தாலும் எங்கள் சொந்தக்காரர்களுக்கு உடனே என் ஞாபகம்தான் வரும். 2013-இல் ஹரிதாஸ் வந்தபோது வரிசையாக போன். நல்ல படம்தான், குறை சொல்ல வரவில்லை. கிஷோர் அப்பாவாகவே இருந்தார், பிருத்விராஜ் தாஸ் என்ற அந்தப் பையனும் அப்படித்தான், எங்கள் குடும்பத்தில் பாதிப் பேருக்கு ஆட்டிசம் என்ற சொல்லே அந்தப் படத்தில்தான் அறிமுகம். ஆனால் படத்தில் பையன் ஓடுவான், ஓட்டத்தில் ஜெயிப்பான் இல்லையா, அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்வி: "உன் பையனுக்கு என்ன வரும்?" ஓட்டமா, கீபோர்டா, கணக்கா? மாமியார் ஊரில் ஒரு பெரியவர் அவனை நிறுத்தி வைத்து, 1947 ஆகஸ்ட் 15 என்ன கிழமை என்று கேட்டார். அவன் அவர் சட்டைப் பட்டனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றான். கடைசியில் அவரே வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் பையனுக்கு வருவது இதுதான்: மொட்டைமாடி டேங்க் நிரம்பப் போகும்போது குழாய்ச் சத்தம் மாறுமாம். எங்கள் யாருக்கும் கேட்டதில்லை. அவன் ஹாலில் படுத்திருந்தாலும் எழுந்து போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து படுப்பான். எங்கள் வீட்டில் தண்ணீர் வழிந்து ஆறு வருஷம் ஆகிறது. இதற்கெல்லாம் கிளைமாக்ஸ் மியூசிக் போட முடியாது, சரி.

போன வருஷம் மகள் லேப்டாப்பில் கீப் தி சேஞ்ச் என்று ஒரு படம் போட்டாள். ரேச்சல் இஸ்ரேல் எடுத்தது, 2017-இல் நியூயார்க்கில் டிரைபெகா திரைப்பட விழாவில் பரிசு வாங்கியது. பணக்கார வீட்டுப் பையன் டேவிட், போலீஸ்காரரிடம் பன்றி ஜோக் அடித்து மாட்டிக்கொள்கிறான், கோர்ட் அவனை ஆட்டிசம் உள்ளவர்கள் கூடுகிற ஒரு குழுவுக்குப் போகச் சொல்கிறது. அவனுக்கு அங்கே உட்காரவே வெட்கம், நான் இவர்களைப் போல இல்லை என்கிற மாதிரியே நடந்துகொள்கிறான். அங்கே சாரா என்று ஒரு பெண். இரண்டு பேரையும் சேர்த்து புரூக்ளின் பாலத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்புகிறார்கள். அப்புறம் காதல், சண்டை, அவனுடைய அம்மாவின் முகச்சுளிப்பு, எல்லாம் உண்டு. நடித்த பிராண்டன் போலன்ஸ்கி, சமந்தா எலிசோஃபோன் இரண்டு பேருமே ஆட்டிசம் உள்ளவர்கள்.

அந்த அம்மாவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பையனுக்குப் பிடித்த பெண்ணை "இவளும் இப்படியா" என்று பார்க்கிற பார்வை. அடுத்தவர்கள் என் பையனைப் பார்க்கிற பார்வையைத்தான் இத்தனை நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். தெரபி சென்டரில் காத்திருக்கும்போது அவனைவிட அதிகம் சிரமப்படுகிற பிள்ளைகளை நானும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். பாதியில் நிறுத்தச் சொல்லலாமா என்று யோசித்தபோது பையன் வந்தான், படத்தை ஒரு நிமிஷம் பார்த்தான், ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

இந்த மாதிரிப் படங்களில் இனி அவர்களே நடிக்கட்டும், மற்றவர்கள் நடித்தது போதும் என்பது என் கட்சி.

சோழிங்கநல்லூர்க்காரன்:

அக்கா, மோட்டார் தம்பிக்கு முதலில் ஒரு வணக்கம். உங்கள் கட்சியில் மட்டும் நான் பாதிதான் சேருவேன்.

எனக்கு 34 வயது, சாஃப்ட்வேர் டெஸ்டிங். எனக்கு ஆட்டிசம் என்று எழுத்தில் கிடைத்ததே 31-இல்தான், அதுவரை வீட்டில் வைத்திருந்த பெயர் திமிர். காலேஜ் படிக்கும்போது கல்யாண வீடுகளுக்காக ஒரு நோட்டு வைத்திருந்தேன். 'எப்ப வந்தீங்க' என்று கேட்டால் பதில் வரும்வரை நிற்க வேண்டும். 'சாப்பிட்டாச்சா' என்பது சாப்பாட்டைப் பற்றிய கேள்வி இல்லை. இந்த இரண்டாவதற்கு அடியில் கோடு போட்டிருந்தேன், ஏனென்றால் அதற்கு முந்தைய கல்யாணத்தில் சித்தப்பா ஒருவரிடம் இரண்டு இட்லி, பாதி வடை, சாம்பாரில் முருங்கைக்காயை ஓரமாக எடுத்து வைத்துவிட்டேன் என்று முழுக் கணக்கும் ஒப்பித்திருந்தேன், அவர் நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

மேரி அண்ட் மேக்ஸ் பார்த்தபோது மேக்ஸ் கையில் அதே நோட்டு இருந்தது! அவனுடையது முகங்களின் படம் போட்ட புத்தகம், எந்த முகத்துக்கு என்ன அர்த்தம் என்று பார்த்துக்கொள்வான். களிமண் பொம்மைகளை நகர்த்தி எடுத்த ஆஸ்திரேலியப் படம், ஆடம் எலியட் இயக்கியது, 2009-இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவைத் தொடங்கி வைத்ததே இந்தப் படம்தான். மெல்போர்ன் பக்கம் எட்டு வயதுப் பெண் மேரி, நியூயார்க்கில் 44 வயது மேக்ஸ், இருவரும் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள். எலியட்டுக்கே நியூயார்க்கில் நீண்டகாலப் பேனா நண்பர் ஒருவர் உண்டு, அங்கிருந்துதான் கதை. அவளிடமிருந்து ஒரு சாதாரணக் கேள்வி வந்தாலே மேக்ஸுக்குப் படபடப்பு வந்துவிடும். படத்தில் அவன் நிலைக்குச் சொல்கிற பெயர் ஆஸ்பெர்கர். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அந்தத் தனிப் பெயரை எடுத்து ஆட்டிசத்துக்குள் சேர்த்துவிட்டார்கள், படம் வந்தது அதற்கு முன்னால்.

நான் மூன்று முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்த இடம் ஒன்று. மேரி வளர்ந்து, மனநலம் படித்து, மேக்ஸையே வைத்து ஒரு புத்தகம் எழுதிவிடுகிறாள். இவனைக் குணப்படுத்தலாம் என்கிற ஆசை. பிரியத்தில் செய்ததுதான். புத்தகம் கைக்கு வந்ததும் மேக்ஸ் தட்டச்சு இயந்திரத்திலிருந்து 'எம்' எழுத்துக் கட்டையைப் பிடுங்கி அவளுக்கு அனுப்பிவிடுகிறான். அவள் பெயரின் முதல் எழுத்து, இனி உனக்கு எழுத மாட்டேன் என்று அர்த்தம். அவன் பெயருக்கும் அதே எழுத்துதானே, அது நாலு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. நம்மைப் பற்றி எடுக்கிற படங்களில் நாம் அழுவோம், அலறுவோம், சுவரைப் பார்ப்போம், கடைசியில் யாரையாவது திருத்துவோம். கோபப்பட்டு, அந்தக் கோபம் நியாயமாகவும் இருக்கிற ஆளை நான் பார்த்தது அங்கேதான்.

மேக்ஸுக்குக் குரல் கொடுத்தவர் ஃபிலிப் சீமோர் ஹாஃப்மேன். அவரை ஆட்டிசம் உள்ளவர் என்று யாரும் சொன்னதில்லை, உடம்போ களிமண். அதனால்தான் பாதிக் கட்சி என்றேன்.

மூன்றாவது உதவி:

நான் சொல்லப்போவது பெருமைப்படுகிற விஷயம் இல்லை. சில வருஷங்களுக்கு முன் மதுரையில் ஒரு குறும்படத்தில் உதவி இயக்குநராக இருந்தேன், மொத்தமே 22 நிமிஷம், ஆட்டிசம் உள்ள பையனும் அப்பாவும். ஆராய்ச்சி என்று ஒரு சிறப்புப் பள்ளிக்கு அரை நாள் போனோம். அரை நாள்தான். அங்கே ஒரு பையன் எங்கள் மைக்கின் மேல் மாட்டுகிற முடி உறையைக் கழற்றி, கன்னத்தில் தேய்த்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். கேமராமேன் உடனே கேமராவைத் தூக்கினார். பையனுடைய அம்மா குறுக்கே வந்து, "எங்கிட்ட கேக்காதீங்க தம்பி, அவன்கிட்ட கேளுங்க" என்றார். எப்படிக் கேட்பது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை, அவன் பேசுகிறவன் இல்லை. உறையை அவனிடமே விட்டுவிட்டு வந்தோம், அன்று செய்த ஒரே உருப்படியான காரியம்.

படத்தில் நடித்த சின்னப் பையன் நாடகக்காரன், கெட்டிக்காரன். இயக்குநர் "கையை இன்னும் கொஞ்சம் உதறு, இன்னும், இப்ப மேலே பாரு" என்று சொல்லச் சொல்லச் செய்தான். எதற்காக உதறுகிறான் என்று அவனும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் உதறுவதும் சத்தம் தாங்காமல் உதறுவதும் ஒன்றா? பள்ளியில் பார்த்திருக்கிறோம், ஆனாலும் எல்லாக் காட்சியிலும் ஒரே உதறல். அப்புறம் அந்தப் பையன் கத்துகிறபோது அப்பா தரையில் சாய்த்து இறுக்கிப் பிடித்துக்கொள்கிற காட்சி, பின்னால் வயலின். எடிட்டிங்கில் நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

2021-இல் பாடகி சியா இயக்கிய மியூசிக் என்ற படம் வந்தபோது, ஆட்டிசம் உள்ள பெண்ணைக் குப்புறப் போட்டு மேலே படுத்து அடக்குகிற காட்சிக்காகப் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அப்படிச் செய்தால் மூச்சு அடைத்து உயிரே போகலாம், இதைப் போய் அன்பு என்று காட்டுகிறீர்களே என்று ஆட்டிசம் உள்ளவர்களே எழுதினார்கள், அவர் மன்னிப்பும் கேட்டார். அதைப் படித்துவிட்டு எங்கள் வயலின் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

எல்லாவற்றுக்கும் மூலம், கணக்கிலும் ஞாபகத்திலும் அசாத்தியமான ஆட்டிசம் உள்ள ஒருவரைக் காட்டிய 1988-இன் ஹாலிவுட் படம் ரெயின் மேன்தான் என்று எனக்குப் படும், ஈரோட்டு அக்காவிடம் கிழமை கேட்ட பெரியவர் வரைக்கும். அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்த கிம் பீக்குக்கு இருந்தது ஆட்டிசமே இல்லை, வேறு ஒரு மரபணுக் கோளாறு என்று பின்னால் கருதினார்கள் என்பது தனிக் கூத்து.

தங்கச்சி:

இதுவரை எழுதியதில்லை, படித்துவிட்டுப் போய்விடுவேன். என் அண்ணனுக்கு 41 வயது. நான்கு வருஷத்துக்கு முன்னால் அப்பா இறந்தபோது அண்ணன் அழவில்லை. வாசலில் பறைச் சத்தம் ஆரம்பித்ததும் மாடியில் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். கொள்ளி வைக்க வேண்டிய பிள்ளை, எல்லாரும் தேடுகிறார்கள். அத்தை ஒருத்தி சத்தமாகவே சொன்னாள், அதுக்கு என்ன பாசம் தெரியும் என்று. நான் மேலே போனால் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான், சனிக்கிழமை முடிவெட்ட யார் கூட்டிட்டுப் போவாங்க? மாதத்தில் முதல் சனி அப்பாதான் கூட்டிப்போவார், கத்தரிச் சத்தம் காதுக்குப் பக்கத்தில் வரும்போது அண்ணன் கையைப் பிடித்துக்கொள்வார். நான் "யாராவது போவாங்க, இப்ப கீழே வா" என்று எரிந்து விழுந்தேன்.

ஸ்னோ கேக் 2006-இல் வந்தது. நான் பார்த்தது இரண்டு வருஷம் முன்னால். கனடாவில் பனி கொட்டுகிற ஒரு சின்ன ஊர், சிகோர்னி வீவர் ஆட்டிசம் உள்ள லிண்டாவாக வருவார். எழுதிய ஏஞ்சலா பெல்லுக்கே ஆட்டிசம் உள்ள மகன் உண்டு. லிண்டாவின் மகள் கார் விபத்தில் செத்துப்போகிறாள், கூட வந்த அந்நியர் ஆலன் ரிக்மேன் அதைச் சொல்ல வருகிறார். லிண்டா விழுந்து புரண்டு அழுவதில்லை. செவ்வாய்க்கிழமை குப்பையை யார் வெளியே வைப்பது என்பது பெரிய கவலை, ஏனென்றால் குப்பையைத் தொட அவளால் முடியாது, அதுவரை மகள்தான் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த மனுஷன் அதற்காகவே செவ்வாய் வரை தங்குகிறார்.

லேப்டாப்பை மூடிவிட்டு அண்ணன் அறைக்குப் போனேன். தூங்கிக்கொண்டிருந்தான். அப்பா இறந்தபோது அவன் கேட்ட அந்தச் சனிக்கிழமை நான் கூட்டிப்போனேனா என்று கேட்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பையனை அனுப்பினேன், அண்ணன் பாதி வெட்டோடு எழுந்து வந்துவிட்டான். இப்போது நான்தான் போகிறேன். ஆண்கள் சலூனில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருப்பது கடைக்காரருக்கு ஆரம்பத்தில் சங்கடம், இப்போது எனக்கு ஒரு ஸ்டூல் தனியாக வைத்திருக்கிறார்.

ஈரோட்டு அம்மா:

தங்கச்சி, உன் கதையைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டிலும் நான் செய்கிற வேலைகளை ஒரு தாளில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். நகம் வெட்டுவது, சட்டைக்குள் உறுத்துகிற லேபிளைப் பிரிப்பது, பால் பாக்கெட்டை வலது ஓரத்தில் மட்டும் வெட்டுவது. இதுவரை 23 வந்திருக்கிறது, மகளிடம் காட்டினேன், நாலு விட்டுப்போச்சு என்றாள்.

சோழிங்கநல்லூர் தம்பி, கட்சியைப் பற்றி அப்புறம் சண்டை போடலாம். மோட்டார் போட்டிருந்தேன், அவன் எழுந்துவிட்டான்.