உதவி தேவை: காப்புரிமை வரைபடம் 2001-ல் எகிறுகிறது, கடைசி இரண்டு வருஷம் சரிகிறது

உப்புக்காற்று (கேள்வி)

வணக்கம். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காக, கடல்நீரைக் குடிநீராக்குவதில் எந்த நாட்டில் எத்தனை காப்புரிமை விண்ணப்பம் என்று வருஷவாரியாக வரைபடம் போடுகிறேன். கூகுள் பேட்டன்ட்ஸிலிருந்து இறக்கினால் ஆயிரம் வரிசையோடு முடிந்துவிடுகிறது. அதனால் பிக்குவெரியில் (பெரிய அட்டவணைகளை வினவ கூகுள் தரும் சேவை) உள்ள பொதுத் தரவுக்கு மாறினேன். தலைப்பில் 'டீசாலினேஷன்' (உப்பு நீக்கம்) உள்ளதையெல்லாம் எடுத்து, தாக்கல் தேதியிலிருந்து வருஷத்தைப் பிரித்து எண்ணினேன்.

வரைபடம் 0-ஆம் ஆண்டில் தொடங்குகிறது(!). 2001 வாக்கில் அமெரிக்கக் கோடு செங்குத்தாக ஏறுகிறது. கடைசி இரண்டு வருஷம் எல்லா நாடுகளும் தடாலென்று விழுகின்றன. "ஆர்வம் குறைந்துவிட்டது என்று முடிவுரையில் எழுதிவிடு" என்கிறார் கைடு. எனக்கு மனசு ஒப்பவில்லை. சென்னையை அடுத்த நெம்மேலியில் 2013-ல் 100 எம்எல்டி (நாளுக்கு 10 கோடி லிட்டர்) கடல்நீர் ஆலை, 2024-ல் இன்னொரு 150 எம்எல்டி, பக்கத்தில் பேரூரில் 400 எம்எல்டிக்கு வேலை. இதில் ஆர்வம் எங்கே குறைந்தது?

வரிசைஎண்

0 சுலபம். அந்த அட்டவணையில் தேதி வெறும் முழு எண்ணாக இருக்கும், 20150312 மாதிரி. தேதி தெரியாத பதிவுக்கு 0 போட்டிருப்பார்கள். 0-வை வடிகட்டிவிட்டு எண்ணுங்க. மற்ற இரண்டும் சட்டம் தெரிஞ்சவங்க வந்து சொல்லட்டும்.

மனுதாக்கல்

தம்பி, அந்த முடிவுரையை எழுதிவிடாதீர்கள். சரிவு ஆர்வத்தில் இல்லை, வெளியீட்டில் இருக்கிறது. இந்தியா உட்படப் பெரும்பாலான நாடுகளில் விண்ணப்பம் 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும். இந்தியாவில் படிவம் 9 கொடுத்து முன்கூட்டியே வெளியிடச் சொல்லலாம், எல்லோரும் கொடுப்பதில்லை. பாதி விடைத்தாள் திருத்திய நிலையில் தேர்ச்சி சதவீதம் சொல்வது போலத்தான் உங்கள் கடைசி இரண்டு வருஷமும்.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று. அந்த 18 மாதம் எண்ணப்படுவது முன்னுரிமைத் தேதியிலிருந்து, அதாவது அந்தக் கண்டுபிடிப்புக்கு உலகில் முதன்முதலாக மனு போட்ட நாளிலிருந்து. ஒரு ஜப்பான் நிறுவனம் தன் நாட்டில் போட்டுவிட்டு 12 மாதம் கழித்து அமெரிக்காவில் போட்டால், அமெரிக்க மனு ஆறே மாதத்தில் வெளியே வந்துவிடும். அமெரிக்காவிலேயே முதலில் போட்டவருடையது முழு 18 மாதமும் உறையிலேயே கிடக்கும். சீனாவில் 'யுடிலிட்டி மாடல்' என்று ஒரு வகை உண்டு. முழுப் பரிசோதனை இல்லாமல் சில மாதங்களில் பதிவாகி வெளிவந்துவிடும், ஆயுள் 10 வருஷம். வெளியீட்டு எண்ணின் கடைசியில் வரும் வகைக் குறியீடு யு அல்லது ஒய் என்று இருக்கும். இந்தியாவில் அந்த வகையே கிடையாது. ஆக, கடைசி வருஷங்களில் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை, நாடுகளுக்கு இடையிலான பங்கும் கோணலாகிவிடுகிறது. சதவீத வரைபடம் போட்டாலும் தப்பிக்க முடியாது.

பிசிடி (ஒரே மனுவால் பல நாடுகளுக்கு வழிவிடும் பன்னாட்டு ஒப்பந்தம்) வழியாக இந்தியாவுக்குள் வரும் மனுக்களுக்கு முன்னுரிமைத் தேதியிலிருந்து 31 மாதம் வரை அவகாசம். இந்தியக் கோடு இன்னும் தாமதமாகத்தான் நிரம்பும்.

உப்புக்காற்று

மேடம், மிக்க நன்றி! கைடிடம் காட்ட இது போதும். அப்போ 2001?

மனுதாக்கல்

அமெரிக்கா ரொம்ப காலம் மனுக்களை வெளியிட்டதே இல்லை. வழங்கிய காப்புரிமை மட்டும்தான் வெளியாகும். நிராகரித்தது, கைவிட்டது எதுவும் வெளி உலகுக்குத் தெரியாது. 2000 நவம்பர் 29 முதல் தாக்கலானவற்றைத்தான் 18 மாத முறையில் வெளியிட ஆரம்பித்தார்கள். 2001-க்கு அப்புறம் ஒரே மனு ஏ1 என்று ஒருமுறை, வழங்கியபின் பி2 என்று மறுமுறை வருகிறது. நீங்கள் வெளியீட்டு எண்ணை எண்ணினால் இரண்டும் சேர்ந்துவிடும். இன்னொரு பொறி: 2001-க்கு முந்திய அமெரிக்கப் பதிவில் வெறும் 'ஏ' என்றிருந்தால் அது வழங்கப்பட்ட காப்புரிமை, மனு அல்ல.

வரிசைஎண்

அப்போ விண்ணப்ப எண்ணைத் தனித்தனியாக எண்ணுங்க. கண்டுபிடிப்பு எத்தனை என்று வேணும்னா ஃபேமிலி ஐடியை (ஒரே கண்டுபிடிப்புக்குப் பல நாடுகளில் போட்ட மனுக்களுக்கான பொது எண்) எண்ணி, அதில் மிகப் பழைய முன்னுரிமைத் தேதியை எடுங்க. மிகச் சிறிய தேதியை எடுக்கும்போதும் அந்த 0 வந்து உட்கார்ந்துக்கும், முன்னாடியே தள்ளிடுங்க.

தலைப்புச் சொல்லை வைத்துத் தேடுவதும் உதவாது. லோப், சௌரிராஜன் இருவரும் 1960-ல் தாக்கல் செய்து 1964-ல் வாங்கிய அமெரிக்கக் காப்புரிமை 3133132 உங்க பட்டியலில் இருக்கா பாருங்க. இன்றைய ஆர்.ஓ. சவ்வுக்கு மூலமே அதுதான், தலைப்பில் அந்தச் சொல்லே கிடையாது. மறுபக்கம், ஆய்வகத்தில் புரதக் கரைசலிலிருந்து உப்பு நீக்குவதும் உங்க வலையில் சிக்கும். வகைப்பாட்டுக் குறியீட்டுக்குப் போங்க: கடல்நீருக்கு சி02எஃப் 2103/08, ஆர்.ஓ. முதலான சவ்வு முறைகளுக்கு பி01டி 61, சவ்வுகளுக்கு பி01டி 69. கடைசி இரண்டோடும் சிறுநீரக டயாலிசிஸ் வரும், அதைக் களையணும். இந்தக் குறியீடுகள் இருக்கும் சிபிசி நெடுவரிசையை அன்நெஸ்ட் செய்தால் (குறியீடுகளைத் தனித்தனி வரிசையாகப் பிரித்தால்) ஒரு பதிவு பத்து வரிசையாகும், ஒன்றை ஒருமுறை மட்டும் எண்ணும் டிஸ்டிங்க்ட் கட்டாயம்.

எல்லா நெடுவரிசையையும் கேட்கும் செலக்ட் ஸ்டார் மட்டும் வேண்டாம். பத்து வரிசை போதும் என்று லிமிட் 10 போட்டாலும் முழு அட்டவணையையும் படித்ததாகவே கணக்கு; மாதம் 1 டெராபைட் இலவசம் ஒரே மூச்சில் போயிடும்.

உப்புக்காற்று

ஓட்டிப் பார்த்தேன் அண்ணா. 3133132 முன்பு இல்லை, சவ்வுக் குறியீடுகளைச் சேர்த்ததும் வந்துவிட்டது. 2001 மேடு பாதியாகக் குறைந்தது, முழுசாகப் போகவில்லை.

மனுதாக்கல்

போகாது. நிராகரிக்கப்பட்ட பழைய மனுக்கள் உங்கள் தரவில் இல்லவே இல்லையே. 2001-க்கு முன்பின் ஒப்பிட வேண்டுமென்றால் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளை மட்டும் தனி வரைபடமாகப் போடுங்கள். அதில் கடைசி இரண்டு வருஷம் வெட்டினால் போதாது. பரிசோதனை பல வருஷம் இழுக்கும், நாலைந்தாவது வெட்டுங்கள். மனுக்களின் வரைபடத்தில் கடைசி மூன்று வருஷத்தைப் புள்ளிக்கோடாக விட்டு, அடியில் "வெளியீடு முழுமையடையவில்லை" என்று எழுதுங்கள்.

உப்புக்காற்று

அப்படியே செய்கிறேன் மேடம். கைடு ஒத்துக்கொள்ளாவிட்டால் இந்த இழையையே அச்செடுத்துப் பின்னிணைப்பில் வைத்துவிடுவேன்.