அப்பா செய்த கொலைக்கு மகள் என்ன செய்வாள்?

மன்னார்குடிப் பக்கத்துக்காரன்:
எங்கள் தெருக்காரர் ஒருவர், பேப்பரிலெல்லாம் வந்த கொலை வழக்கில் உள்ளே இருக்கிறார். அவர் மனைவியைக் குறுவை நடவுக்கு யாரும் கூப்பிடவில்லை. மகள் பத்தாவது படிக்கிறாள், பஸ்ஸில் அவள் பக்கத்து சீட் காலியாகவே வருகிறது, டியூஷனுக்கும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என்ன செய்யலாம்?

நீடாமங்கலத்துக்காரி:
நடவு ஆள் சேர்க்கும் அக்காவிடம் நேரில் பேசுங்கள். அவர் கூப்பிட்டால் மற்றவர்கள் வாய் அடங்கிவிடும்.

குடந்தை வாசி:
செத்தவர் வீடும் அதே ஊராக இருந்தால்? செத்தவர் வீட்டு அம்மா முகத்தைப் பார்த்த பிறகு இவர்களிடம் பேச மனசு வராது, அதையும் யோசியுங்கள்.

திருவாரூர் வக்கீல்:
வருத்தம் நியாயம்தான், ஆனால் அந்தப் பிள்ளைமேல் ஏன் காட்ட வேண்டும்? ஒருவர்மேல் குற்றச்சாட்டு என்பதற்காக வீட்டை இடிப்பது மொத்தக் குடும்பத்துக்கும் தண்டனை என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. 1871இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பை வைத்தே ஆளைக் குற்றவாளியாக்கியது, அது போய் எத்தனையோ காலமாகிவிட்டது, நம் தெருவில் மட்டும் இன்னும் நடக்கிறது.

நீடாமங்கலத்துக்காரி:
அவளுக்கு எந்தப் பாடம் கஷ்டம்? கணக்கு என்றால் போனில் நானே சொல்லித்தருகிறேன்.