ஒரே போர்வையில் ஆறு பேர்

தன்னார்வ ஆசிரியை, சென்னை:

பாரிமுனைப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நடைபாதையிலேயே குடியிருக்கும் குடும்பங்கள் உண்டு. அங்கே மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போகிறேன். இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒருத்தி நாலு எழுத்து எழுதுவாள், அப்புறம் பென்சிலை வைத்துவிட்டு விரலிடுக்கைச் சொறிவாள். கையைப் பிரித்துப் பார்த்தேன். பொடிப்பொடியாகக் கொப்புளம், மணிக்கட்டில் நகம் பட்டுச் சீழ் கோத்த புண். "ராத்திரிதான் மிஸ் ஜாஸ்தி அரிக்கும், தூக்கமே வராது" என்றாள். வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று முந்தின வாரம்தான் அவளைத் திட்டியிருந்தேன்.

சிரங்கு என்றார் மருத்துவர். பொடி உண்ணி தோலுக்குள் வளை தோண்டி முட்டை வைக்கிறதாம். அந்த உண்ணியைக் கொல்கிற பெர்மெத்ரின் களிம்பு பூசினோம், அடங்கியது. மூன்றே வாரத்தில் திரும்ப வந்துவிட்டது. அம்மா, பாட்டி, தம்பிகள் என்று ஆறு பேர் ஒரே போர்வையில் படுக்கிறார்கள், இவளுக்கு மட்டும் பூசினால் எப்படிப் போகும்? முதல்முறை தொற்றும்போது அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும். "எங்களுக்கு ஒண்ணுமில்லையே" என்று அம்மா சொன்னதும் பொய்யில்லை.

சரி, எல்லோருக்கும் ஒரே ராத்திரி என்று முடிவு செய்தோம். கழுத்து முதல் பாதம் வரை பூசி, 8 மணி நேரமாவது கழுவாமல் இருக்க வேண்டும். நடைபாதையில் ஒரு பெண் எங்கே போய்ப் பூசிக்கொள்வாள்? இரண்டு புடவையைக் கயிற்றில் கட்டி மறைத்தார்கள். 14 வயது அக்கா தெருவிளக்கைப் பார்த்துப் பார்த்து அழுதாள். கடைகள் அடைத்து, தெரு அடங்கி, 11 மணிக்கு மேல்தான் உள்ளே போனாள். ஒரு வாரம் கழித்து இதே பாடு இன்னொரு தடவை.

செவிலியர், மதுரை:

துணிகளை என்ன செய்தீர்கள்? வெந்நீருக்கு வழியில்லாதவர்களிடம் பாலித்தீன் பையில் இறுகக் கட்டி நாலைந்து நாள் வைக்கச் சொல்வேன். உடம்பை விட்டு விலகினால் உண்ணி அதற்குள் செத்துவிடும். அந்தச் சீழ்ப்புண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதிலிருந்து சிறுநீரகம் பாதித்து, முகம் உப்பி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

தன்னார்வ ஆசிரியை, சென்னை:

புண்ணுக்குத் தனியாக மருந்து கொடுத்து ஆறிவிட்டது. துணியைப் பையில்தான் கட்டி வைத்தோம். மறுநாள் காலை குப்பை என்று நினைத்து வண்டியில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அவளுடைய சீருடையும் அதோடு போயிற்று. இரண்டாம் தடவை டீக்கடை அண்ணன் பைகளைத் தன் கடைக்குள் வைத்துக்கொண்டார். பாட்டிக்கு இன்னும் லேசாக அரிக்கிறது. உண்ணி செத்த பிறகும் சில வாரம் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, அவர் மறுபடி மறுபடி பூசிக்கொள்ளாதபடி மிச்சக் களிம்பை அவரிடமிருந்து நானே வாங்கி வைத்திருக்கிறேன்.