களைந்தால் சோறு குழையாதா?

கஞ்சித்தெளிவு: "அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை களைந்தால் சோறு ஒருபோதும் குழையாது" என்று நேற்று ஒருவர் அடித்துச் சொல்லியிருந்ததைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. களையும்போது போவது, தீட்டும்போது அரிசியின் மேல் படிந்த மாவுதான். சோறு குழைவதோ, பருக்கைக்குள் இருக்கும் மாவுச்சத்து அளவுக்கு மீறி நீரை இழுத்து, உப்பி, வெடிப்பதால். கூடுதல் தண்ணீரும் கூடுதல் நேரமும் செய்கிற வேலை அது. களைதல் இதில் எங்கே வந்தது?

நெல்மணி: அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். களையாத அரிசியை உலையில் போட்டால் நுரை பொங்கி மூடியைத் தள்ளும், வெந்த சோறு பசைபோல் ஒட்டும். அடுப்படியில் நின்றவர்களுக்கு இது தெரியும். ஏட்டைப் பார்த்துச் சமைப்பவர்களுக்குத் தெரியாததில் வியப்பில்லை.

கஞ்சித்தெளிவு: நான் கேட்டது குழைவை, நீங்கள் காட்டுவது நுரையை. அமிலோஸ் என்ற மாவுச்சத்து வகை குறைந்த அரிசியை எத்தனை முறை களைந்தாலும் ஒட்டத்தான் செய்யும். அமிலோஸ் மிகுந்த அரிசி அளவான நீரில் பெரும்பாலும் உதிரியாகவே நிற்கும். புது அரிசிக்குத் தண்ணீரைக் குறைக்காமல் வைத்தால், நீங்கள் விடியும்வரை களைந்தாலும் குழையும்.

மூடிதிறவான்: ஒட்டுவதும் குழைவதும் ஒன்றா என்று முதலில் முடிவு செய்யுங்கள். அது இருக்கட்டும், நடுவில் நறுக்கென்று நிற்கும் சோற்றுக்கு வழி உண்டா?

கஞ்சித்தெளிவு: உண்டு. இரண்டு மூன்று கரண்டி வெந்நீர் தெளித்து, இறுக மூடி, மிகச் சிறு தீயில் சில நிமிடங்கள் வைத்து, அடுப்பை அணைத்தபின் 10 நிமிடம் திறக்காமல் விட்டால், ஈரம் சமமாகப் பரவி நடுப்பகுதியும் வெந்துவிடும். கிளறினால் பருக்கை உடைந்து மாவு வெளியேறும். குழைந்ததை அகலமான தட்டில் பரப்பி ஆவி போகவிட்டால் ஈரம் ஓரளவு குறையும். வெடித்த பருக்கை மட்டும் மறுபடி ஒன்றுசேராது. இவை எதிலும் களைதல் இல்லை என்பதைச் சிலர் கவனிக்க வேண்டும்.

நெல்மணி: பரப்பிய சோற்றை மணிக்கணக்கில் வெளியே விட்டால், வேகும்போதும் சாகாத நுண்ணுயிர் வித்துகள் முளைத்து வயிற்றைக் கெடுக்கும் என்பதை ஏன் சொல்லவில்லை? உப்பைப் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கினீர்கள்.

அளவுக்குவளை: இருவரும் வீணாகச் சண்டையிடுகிறீர்கள். அரிசி ஒன்றுக்குத் தண்ணீர் இரண்டு, அவ்வளவுதான் சமையல்.

கஞ்சித்தெளிவு: இன்னொரு ஞானி வந்துவிட்டார்! அரிசி உறிஞ்சும் நீர் வேறு, ஆவியாகும் நீர் வேறு. ஆவியாவது பாத்திரத்தின் வாயையும் மூடியையும் பொறுத்தது. அரிசியை இரட்டிப்பாக்கும்போது தண்ணீரையும் அப்படியே இரட்டிப்பாக்கினால் மிஞ்சும் நீரில்தான் சோறு குழைகிறது.

அளவுக்குவளை: எங்கள் வீட்டில் ஒருமுறையும் குழைந்ததில்லை. உங்கள் வீட்டுப் பாத்திரத்தின் குறையை என் கணக்கின்மேல் ஏற்றாதீர்கள்.

நெல்மணி: பார்த்தீர்களா, எல்லோரும் தவறு, இவர் ஒருவரே சரி. நான் தண்ணீர் தெளியும்வரை களைகிறேன். என் சோறு உதிரியாக இருக்கிறது. இதற்குமேல் சான்று எதற்கு?

கஞ்சித்தெளிவு: நீங்கள் தண்ணீரையும் அளந்து வைக்கிறீர்கள், ஆனால் பெருமையைக் களைதலுக்குக் கொடுக்கிறீர்கள். மறுபடியும் கேட்கிறேன்: பருக்கைக்குள் இருக்கும் மாவு, மேலே கழுவுவதால் எப்படிப் போகும்?

நெல்மணி: மறுபடியும் சொல்கிறேன்: களைந்து பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.