தனுஷ்கோடியில் பார்த்த இளம் ஃபிரிகேட் பறவை: எந்த இனம்?

அனைவருக்கும் வணக்கம். படத்தில் உள்ள கடற்பறவை லெஸ்ஸர் ஃபிரிகேட்டா, கிறிஸ்துமஸ் தீவு ஃபிரிகேட்டா என்று பிடிபடவே இல்லை.

இடம் அரிச்சல்முனை, மன்னார் வளைகுடா பக்கம். ஜூலை கடைசி வாரம், காலை நேரம். மேகமூட்டம், தென்மேற்குக் காற்று மணலை வாரி அடித்தது. கேமரா நிக்கான் பி950.

தலை வெளிர் செம்பழுப்பு. மார்பின் கரும்பட்டை நடுவில் தேய்ந்து உடைந்திருக்கிறது. வயிற்று வெள்ளையிலிருந்து ஒரு கீற்று அக்குள் வரை ஏறுகிறது. இன்னொரு இனமான கிரேட் ஃபிரிகேட்டுக்கு இந்தக் கீற்று பொதுவாக இருக்காது என்பதால் அதை ஒதுக்கிவிட்டேன். பெரிய கொண்டை ஆலா என்ற கடற்பறவை ஒன்றை இது விரட்டி விரட்டி மீனைக் கக்கவைத்து, அது தண்ணீரில் விழுமுன் கவ்விக்கொண்டது. என்ன வேகம்!

கையேட்டில் தேடினேன், வளர்ந்த பறவைகளின் படம்தான் இருக்கிறது. பறவையை அடையாளம் காட்டும் செயலியில் போட்டால் ஒரு படத்துக்கு லெஸ்ஸர், அடுத்ததற்கு கிரேட் என்கிறது. அப்புறம், ஆலாவும் இதுவும் ஒன்றாகப் பதிவான படத்தில் சிறகு விரிப்பை அளந்து பார்த்தேன். ஆலாவின் சிறகு விரிப்பு சுமார் 125 செ.மீ. என்றால் இது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. லெஸ்ஸருக்குப் பொருந்துகிறது, ஆனால் சிறகு மடங்கியிருந்த கோணத்தை நம்ப முடியவில்லை.

கிறிஸ்துமஸ் தீவு இனம் உலகிலேயே அந்த ஒரு தீவில்தான் கூடு கட்டுகிறது. அதனால் அவசரப்பட்டு ஒரு பெயரைப் பதிய மனமில்லை.

அக்குள் கீற்றின் சாய்வையும் வயிற்று வெள்ளையின் வடிவத்தையும் மட்டும் வைத்து, இந்த வயதுப் பறவையை லெஸ்ஸர் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?