பிஎம்டபிள்யூ எம்1: லம்போர்கினியின் சான்ட் அகாத்தா ஆலையில் இருந்து விற்பனைக்கு வந்த ஒரே ஒரு காரைக் காட்டுங்கள்

ஆறு சிலிண்டர்:
எம்1 ஸ்போர்ட்ஸ் கார் பற்றி நம் மன்றத்தின் பழைய கார்கள் பகுதியில் மஞ்சள் காளை எழுதியதை அப்படியே இங்கே போடுகிறேன்: "எம்1 என்பது பிஎம்டபிள்யூ முத்திரை குத்திய லம்போர்கினி. கட்டியதே லம்போர்கினிதான். ஜெர்மன்காரர்களுக்கு இன்ஜினை நடுவில் வைக்கத் தெரியாது." இதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு. படித்ததில் இருந்து எரிச்சல் அடங்கவில்லை.

நடந்தது இதுதான். பந்தயத்தில் போர்ஷேவை எதிர்க்க ஒரு கார் வேண்டும் என்று பிஎம்டபிள்யூ மோட்டார்ஸ்போர்ட் தலைவர் யோகன் நீர்பாஷ் முடிவு செய்தார். குரூப் 4 என்ற பந்தயப் பிரிவின் விதிப்படி 24 மாதத்தில் 400 கார் கட்டியிருக்க வேண்டும். அவ்வளவு சின்ன எண்ணிக்கைக்கு பிஎம்டபிள்யூவின் மியூனிக் ஆலையில் தனி லைன் போட முடியாது. அதனால் சேஸி (அடிச்சட்டம்) வேலையையும் தயாரிப்பையும் லம்போர்கினியிடம் ஒப்பந்தமாகக் கொடுத்தார்கள். லம்போர்கினியிடம் அப்போது கையில் காசில்லை. வேலை இழுத்துக்கொண்டே போனது. 1978-ல் பிஎம்டபிள்யூ ஒப்பந்தத்தை முறித்துக் காரைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அந்த ஆண்டே பாரிஸ் கண்காட்சியில் எம்1 வந்துவிட்டது.

விற்பனைக்குப் போன ஒரு எம்1 கூட சான்ட் அகாத்தா ஆலையில் இருந்து வெளியே வரவில்லை. ஒன்று கூட இல்லை.

மஞ்சள் காளை:
என் பேரை இழுத்துவிட்டதால் வருகிறேன். சேஸியை வடிவமைத்தது யார்? ஜான்பாவ்லோ தல்லாரா. லம்போர்கினி மியூராவின் சேஸியைச் செய்த அதே தல்லாரா. ஏழு முன்மாதிரிகளைக் கட்டியது யார்? லம்போர்கினி. உருவம் வரைந்தது ஜுஜாரோ. இரும்புக் குழாய்ச் சட்டம் மொடெனாவில் மார்க்கேசி. ஃபைபர் பாடி ரெஜ்ஜோ எமிலியாவில். இரண்டையும் சேர்த்தது டுரினில் இத்தால்டிசைன். இதில் ஜெர்மனி எங்கே வருகிறது? லம்போர்கினி இல்லை என்றால் எம்1 இல்லை. அவ்வளவுதான்.

ஆறு சிலிண்டர்:
மார்க்கேசி லம்போர்கினியா? இத்தால்டிசைன் லம்போர்கினியா? ஜுஜாரோ லம்போர்கினியா? இத்தாலியில் யார் ஸ்பேனர் பிடித்தாலும் அவர் லம்போர்கினி ஆளா? நீங்கள் எழுதியது "லம்போர்கினி கட்டியது" என்று. நான் கேட்டது எண். வாடிக்கையாளர் கைக்குப் போன கார்களில் சான்ட் அகாத்தாவில் கட்டியது எத்தனை?

ஏழு முன்மாதிரி எனக்கும் தெரியும். முன்மாதிரியை யாரும் ஷோரூமில் வாங்கவில்லை.

ஸ்பேனர்:
இரண்டு பேரும் காரின் உயிரை விட்டுவிட்டுத் தோலைப் பிடித்துச் சண்டை போடுகிறீர்கள். எம்88 இன்ஜின். 3,453 சிசி, நேர்வரிசையில் ஆறு சிலிண்டர், 24 வால்வு, 277 குதிரைத்திறன். பிஎம்டபிள்யூவின் பந்தய சிஎஸ்எல் கார்களில் ஓடிய 24 வால்வு இன்ஜினின் வாரிசு. ஆயில் தனித் தொட்டியில் இருக்கும், டிரை சம்ப். வளைவில் எவ்வளவு இழுத்தாலும் பேரிங் காயாது.

கூகல்ஃபிஷர் பெட்ரோல் பம்ப் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். உள்ளே கூம்பு மாதிரி ஒரு கேம். இன்ஜின் வேகம் ஒரு பக்கம், ஆக்சிலரேட்டர் மிதி ஒரு பக்கம் அதை நகர்த்தும். எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கேற்ற அளவு பெட்ரோல் போகும். பெட்ரோலை அளக்கக் கம்ப்யூட்டர் கிடையாது, முழுக்க இரும்பு வேலை. இது ஜெர்மன் வேலை. பின்னால் இதே இன்ஜின் கொஞ்சம் மாறி பிஎம்டபிள்யூவின் எம்635சிஎஸ்ஐ-யிலும் முதல் எம்5-லும் வந்தது. லம்போர்கினிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மஞ்சள் காளை:
ஸ்பேனர் அண்ணே, இன்ஜின் ஜெர்மன் இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? இன்ஜினை வைத்தால் கார் ஆகிவிடுமா? காரைக் கார் ஆக்குவது சேஸி. அதைச் செய்தது லம்போர்கினி.

நெக்கார் கரை:
ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். டுரினில் முடிந்தது பாடியும் உள்வேலையும் மட்டும்தான். அங்கிருந்து எல்லாக் காரும் இங்கே ஸ்டுட்கார்ட்டில் இருந்த பவுர் நிறுவனத்துக்கு வந்தது. இன்ஜின், இசட்எஃப் கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாம் பவுரில்தான் பூட்டினார்கள். அப்புறம் மியூனிக்கில் மோட்டார்ஸ்போர்ட் ஆட்கள் கடைசிச் சோதனை செய்து அனுப்பினார்கள். சக்கரம் சுழன்று கார் தானாக நகர்ந்தது ஜெர்மனியில்.

மியூனிக் அருங்காட்சியகத்தில் பக்கத்தில் நின்று பார்த்தேன். பின்பக்கம் இரண்டு மூலையிலும் ஒவ்வொரு பிஎம்டபிள்யூ வட்டம். பின்கண்ணாடி மேல் கறுப்புப் பட்டைகள், ஜன்னல் சட்டம் மாதிரி. முன்னால் சிறுநீரக வடிவ கிரில் உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். இன்றைக்கு வருகிற கார்களின் கிரில்லைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் மனசு கஷ்டமாகிவிடும்.

பழைய மாடல்:
எல்லோரும் 400 என்கிறீர்கள். மொத்தம் 453. சாலையில் ஓட 399, மீதி பந்தயத்துக்கு. சரியாக எழுதுங்கள்.

ஸ்பேனர்:
456 என்று போட்ட புத்தகமும் இருக்கிறது.

பழைய மாடல்:
453. நான் சும்மா எழுத மாட்டேன். பழைய பதிவுகளைப் போய்ப் பாருங்கள்.

ஆறு சிலிண்டர்:
453-ஆகவே இருக்கட்டும். அதில் சான்ட் அகாத்தாவில் கட்டியது எத்தனை? பூஜ்யம். காளை இன்னும் பதில் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். 1974 முதல் 1978 வரை லம்போர்கினி கட்டிய முதல் வகை கவுன்டாஷ் மொத்தம் 150 சொச்சம்தான். சொந்தக் காரையே நாலு வருஷத்தில் அவ்வளவுதான் கட்ட முடிந்தவர்கள் இரண்டு வருஷத்தில் 400 எம்1 கட்டித் தருவதாகக் கையெழுத்துப் போட்டார்கள். பிஎம்டபிள்யூ அதை நம்பியது. அந்த நம்பிக்கையால்தான் எம்1 பந்தயத்தில் பிந்தியது. காருக்கு லம்போர்கினி கொடுத்த பெரிய பங்கு தாமதம். இதை அழுத்திச் சொல்கிறேன். 1978-லேயே முழு வேகத்தில் வந்திருந்தால் குரூப் 4-ல் போர்ஷே 934-ஐ எம்1 என்ன செய்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 400 காரை எட்டி ஒப்புதல் வாங்கி நிமிர்வதற்குள் விதிகளே மாறி, 1982-ல் குரூப் சி என்ற புதுப் பிரிவு வந்துவிட்டது.

மஞ்சள் காளை:
ஆக, பந்தயத்தில் ஜெயிக்காததற்கும் லம்போர்கினிதான் காரணம். ஜெயித்திருந்தால் பெருமை மியூனிக்குக்குப் போயிருக்கும். நல்ல நியாயம்.

போன மாதம் போர்ஷே 914 திரியில் இதே ஆறு சிலிண்டர் என்ன சொன்னார்? "பாடி கட்டியது கார்மன், அதனால் 914 முழு போர்ஷே ஆகாது" என்றார். அங்கே பாடி கட்டியவன் முக்கியம். இங்கே பாடி, சட்டம், உருவம் எல்லாம் இத்தாலி, ஆனால் முக்கியமில்லை. எம்1 என்றால் மட்டும் நியாயம் மாறிவிடும்.

ஆறு சிலிண்டர்:
914-ஐ இங்கே இழுக்காதீர்கள். அது வோல்க்ஸ்வாகனும் போர்ஷேவும் சேர்ந்து போட்ட திட்டம், லட்சத்துக்கும் மேல் விற்ற கார். எம்1-ஐ அதோடு ஒப்பிடுவதே தப்பு. அந்தத் திரியில் எனக்குப் பதில் சொல்ல முடியாமல் நீங்கள் காணாமல் போனதை எல்லோரும் பார்த்தார்கள்.

மஞ்சள் காளை:
காணாமல் போகவில்லை, ஊருக்குப் போயிருந்தேன்.

நெக்கார் கரை:
காளை, உங்கள் கணக்கை உங்களுக்கே போட்டுப் பார்க்கிறேன். லம்போர்கினி கயார்டோவின் பாடி ஜெர்மனியில் தயாராகித்தான் சான்ட் அகாத்தாவுக்குப் போனது. அப்போது கயார்டோ ஆடியா? ஆடி ஆர்8-இன் வி10 இன்ஜின் ஹங்கேரியில் கியோர் ஆலையில் தயாரானது. அப்போது ஆர்8 ஹங்கேரிக் காரா?

மஞ்சள் காளை:
1998-க்குப் பிறகு லம்போர்கினி ஆடியின் கையில் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்ததைப் பற்றி நான் பேசுவதில்லை.

ஆறு சிலிண்டர்:
வசதியான தேதி.

ஸ்பேனர்:
புரோகாரைப் பற்றி யாராவது பேசுங்கள். 1979, 1980 இரண்டு வருஷமும் ஐரோப்பிய ஃபார்முலா 1 பந்தயங்களோடு எம்1-களுக்கென்று தனிப் பந்தயம். ஃபார்முலா 1 பயிற்சியில் வேகமாக ஓட்டியவர்கள் ஒரே மாதிரி 470 குதிரைத்திறன் எம்1-ல் முன்வரிசையில் இருந்து கிளம்புவார்கள். பின்னால் தனியார் அணி ஆட்கள். முதல் வருஷம் நிக்கி லவுடா சாம்பியன், அடுத்த வருஷம் நெல்சன் பிக்கே. ஃபார்முலா 1 டிரைவர்கள் ஒரே காரில் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு ஓடியதை அதற்கப்புறம் அந்த அளவில் யாரும் நடத்தவில்லை.

மஞ்சள் காளை:
தன் காரைத் தன் காரோடு மட்டும் ஓடவிட்டால் கண்டிப்பாகத் தன் கார்தான் ஜெயிக்கும்.

ஸ்பேனர்:
தம்பி, லவுடாவும் பிக்கேவும் ஓட்டியதைக் கேலி பண்ணாதே.

ஆறு சிலிண்டர்:
வேறு காரோடு ஓடி ஜெயிக்கவில்லை என்று யார் சொன்னது? 1981 நூர்பர்க்ரிங் 1000 கிலோமீட்டர். ஹான்ஸ் யோக்கிம் ஸ்டக், நெல்சன் பிக்கே, கார் எம்1. 1979 லே மான்ஸில் ஓவியர் ஆண்டி வார்ஹோல் தன் கையால் பெயின்ட் பூசிய எம்1 ஒட்டுமொத்தத்தில் ஆறாவதாக வந்தது. கண்காட்சிக்கு நிறுத்த வேண்டிய ஓவியத்தை 24 மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தார்கள்.

மஞ்சள் காளை:
நூர்பர்க்ரிங்கில் ஜெயித்த காரைத் தயார் செய்தது சவுபர் அணி. சுவிட்சர்லாந்து. சட்டம் இத்தாலி, ஜெயித்தது சுவிஸ். உங்கள் மியூனிக் எங்கே?

ஆறு சிலிண்டர்:
இன்ஜின் எங்கே செய்தார்கள்? காசு யார் போட்டது? பேர் யாருடையது? லம்போர்கினி விட்டுவிட்டுப் போன காரைக் காப்பாற்றி ரோட்டுக்குக் கொண்டுவந்தது யார்? நாலு இடத்தில் சிதறிக் கிடந்த வேலையை மொடெனா, ரெஜ்ஜோ, டுரின், ஸ்டுட்கார்ட் என்று கோத்து முடித்தது மியூனிக். அந்தச் செலவில் ஒவ்வொரு காருக்கும் ஒரு லட்சம் மார்க்குக்கு மேல் விலை வைக்க வேண்டியிருந்தது. இதெல்லாம் முத்திரை குத்துகிற வேலையா?

திரும்பக் கேட்கிறேன். சான்ட் அகாத்தாவில் எத்தனை?

மஞ்சள் காளை:
திரும்பச் சொல்கிறேன். ஏழு.

ஆறு சிலிண்டர்:
வாடிக்கையாளர் கார்.

மஞ்சள் காளை:
கட்டியது கட்டியதுதான். அந்த ஏழு இல்லாமல் மீதி எப்படி வந்திருக்கும்?

பழைய மாடல்:
ஒரு விஷயம். எம்1-தான் பிஎம்டபிள்யூவின் ஒரே மிட் இன்ஜின் கார். அந்த மரியாதையையாவது எல்லோரும் கொடுங்கள்.

நெக்கார் கரை:
பிஎம்டபிள்யூ ஐ8? மூன்று சிலிண்டர் இன்ஜின் சீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

பழைய மாடல்:
ஐ8 பாதி மின்சாரக் கார். கணக்கில் வராது.

ஸ்பேனர்:
ஏன் வராது? இன்ஜின் இருக்கிறது, நடுவில் இருக்கிறது. 20,000-க்கும் மேல் செய்தார்கள்.

பழைய மாடல்:
1,500 சிசி இன்ஜினை எம்88 பக்கத்தில் வைத்துப் பேசுகிறீர்களே, நீங்கள்தானா மேலே கூகல்ஃபிஷர் பற்றி எழுதியவர்?

ஸ்பேனர்:
எம்88-க்குச் சமம் என்று சொல்லவில்லை. "ஒரே" என்று எழுதினீர்கள், அது தப்பு. 453-ம் தப்பு.

பழைய மாடல்:
453 சரி. ஐ8 கணக்கில் வராது. இரண்டுக்கும் தனித் திரி போடுகிறேன், அங்கே வாருங்கள்.

மஞ்சள் காளை:
அதற்கு முன்னால் 914 திரியில் எனக்கு வர வேண்டிய பதில் இன்னும் வரவில்லை. ஆறு சிலிண்டர் அங்கே வந்து கார்மன் பற்றிச் சொன்னதை முதலில் வாபஸ் வாங்கட்டும், இங்கே மீதியைப் பேசுகிறேன்.

ஆறு சிலிண்டர்:
வாபஸ் எதுவும் இல்லை. அங்கே எழுதியதும் நிற்கிறது, இங்கே கேட்டதும் நிற்கிறது. வாடிக்கையாளருக்குப் போன ஒரு கார், அதன் சேஸி எண், அது சான்ட் அகாத்தாவில் முடிந்தது என்பதற்கு ஒரு தாள். கொண்டுவாருங்கள்.

மஞ்சள் காளை:
தல்லாராவின் பெயரை அழித்துவிட்டு வாருங்கள், தாள் தருகிறேன்.