பீட்டாவில் ரிவர்ட், மாஸ்டரில் திருத்தம்: ரஸ்ட் குழு ஏன் இப்படிச் செய்கிறது?

கேள்வி: நள்ளிரவு நிரலன்

எங்கள் நிரல் ரஸ்ட் நிரல்மொழியின் ஸ்டேபிள் (எல்லோருக்கும் வெளியான நிலையான) பதிப்பில் ஒழுங்காகக் கம்பைல் ஆகிறது. அடுத்து ஸ்டேபிளாகப் போகும் சோதனைப் பதிப்பான பீட்டாவில் கம்பைலரே (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருளே) சரிந்து விழுகிறது. புகாரளித்த மறுவாரமே மாஸ்டரில் (புது வேலைகள் சேரும் முதன்மைக் கிளையில்) திருத்தம் சேர்ந்துவிட்டது. ஆனால் பீட்டாவில் அதைச் சேர்க்காமல், சிக்கலைக் கிளப்பிய மூல மாற்றத்தையே ரிவர்ட் செய்துவிட்டார்கள், அதாவது திரும்பப் பெற்றுவிட்டார்கள். கையில் மருந்து இருக்கும்போது காலை ஏன் வெட்ட வேண்டும்?

பதில்: பழைய கிளை

அந்த மருந்துக்கு வயது ஒரு வாரம், ஐயா.

பீட்டா மாஸ்டரிலிருந்து பிரிந்த ஆறு வாரத்தில் ஸ்டேபிளாகிவிடும். அதற்குள் கிரேட்டர் என்ற சோதனைக் கருவியை ஓட்டி, ஊரார் எழுதிய நூலகங்களையெல்லாம் பழைய கம்பைலரிலும் புதியதிலும் கம்பைல் செய்து ஒப்பிட வேண்டும். புதுத் திருத்தம் அந்தச் சோதனைக்குப் பிறகு வந்தால் யார் பொறுப்பு? ரிவர்ட் செய்தாலோ, முந்தைய ஸ்டேபிளில் எல்லோரும் புழங்கிய நிரல் திரும்பக் கிடைக்கிறது.

நான் அலுவலகத்தில் ஒரு கம்பைலர் கிளையைப் பராமரிப்பவன். ஒரு கிளையின் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் எடுத்து இன்னொன்றில் ஒட்டும் செர்ரி-பிக் செய்து பாருங்கள், தெரியும். திருத்தம் தொடுகிற ஃபங்ஷனை இடையில் யாரோ மாஸ்டரில் பெயர் மாற்றி, இரண்டாகப் பிரித்து, வேறு கோப்புக்கு நகர்த்தியிருப்பார்கள். அதையும் இழுத்தால் அதன் வாலும் வரும். இரண்டு வரித் திருத்தம் என்றால் கதை வேறு: பீட்டா-நாமினேட்டட் குறி போடுவார்கள், குழு பேசி ஏற்றுக்கொள்ளும், பீட்டாவுக்கு பேக்போர்ட் ஆகிவிடும் (அதிலும் சேர்ந்துவிடும்).

பதில்: வழிப்போக்கன்

எப்போதும் ரிவர்ட்தான் பத்திரம் என்பதை ஏற்க மாட்டேன். 2021 மே 6 அன்று வந்த ரஸ்ட் 1.52.0 பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மாறிய பகுதிகளை மட்டும் மறுபடி கம்பைல் செய்யும் இன்கிரிமென்டல் கம்பைலேஷனில் ஒரு சரிபார்ப்பைச் சேர்த்தார்கள். பலருக்குக் கம்பைலர் சரிந்தது. சரிபார்ப்பை நீக்கியிருந்தால் சத்தம் அடங்கியிருக்கும். ஆனால் அது காட்டிக்கொடுத்தது ஏற்கெனவே உள்ளே கிடந்த பிழைகளை. நீக்கினால் தவறான நிரல் சத்தமில்லாமல் உருவாகும். அதனால் மே 10 அன்று 1.52.1-இல் இன்கிரிமென்டலையே அணைத்தார்கள்.

பதில்: பழைய கிளை

ஒப்புக்கொள்கிறேன். 1.59-இலும் அதை மறுபடி அணைத்து, 1.60-இல்தான் திறந்தார்கள். ஆனால் கவனியுங்கள்: அங்கேயும் அவசரத் திருத்தத்தை நம்பவில்லை, ஒன்றை அணைக்கத்தான் செய்தார்கள். நள்ளிரவு நிரலன், உங்களுக்கு வேண்டிய திருத்தம் மாஸ்டரில் பத்திரமாக இருக்கிறது. அடுத்த பீட்டா பிரிந்த அன்றே உங்கள் நிரலை அதில் ஓட்டிப் பாருங்கள்.

நள்ளிரவு நிரலன்

சரி. எங்கள் தானியங்கிச் சோதனையில் பீட்டாவையும் இன்றே சேர்த்துவிடுகிறேன்.